கேட்டவர்கள் பட்டியல்

மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் கத்தரிக்கோல். அது பேராசிரியருக்கும் தெரியும், உள்ளூரப் பெருமையும் உண்டு. இஸ்லாமிய ஆய்வுத் துறையில் இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னால் அவர் எழுதிய புத்தகம் அப்படி. பழைய நபிமொழித் தொகுப்புகள் ஒவ்வொன்றும் ஒரு பெயர்ச் சங்கிலியோடு வரும். இன்னார் படிக்க இன்னார் கேட்டார், அவரிடமிருந்து இன்னார் கேட்டார் என்று அது நீளும். அந்த நாளில் துறையில் சந்தேகப்படுகிறவர்களுக்குத்தான் மரியாதை. யார் அதிகப் பெயர்களைப் பொய் என்று காட்டுகிறாரோ அவர் பெரிய ஆள்.

நம்மவர் ஒரு சங்கிலியின் நடுவில் நின்ற காகித வியாபாரி ஒருவரைப் பிடித்தார். அந்த மனிதரைப் பற்றி வேறெங்கும் ஒரு வரிகூட இல்லை. 'இப்படி ஒரு ஆளே இருந்ததில்லை, ஓட்டையை அடைக்கச் செய்த பெயர்' என்று முந்நூறு பக்கத்தில் ஒரே போடாகப் போட்டார். வியாபாரிக்கு ஒரு மகள். அப்பாவிடம் கேட்டதை வயதான காலத்தில் பலருக்கும் சொல்லிக்கொடுத்தவள் என்று சங்கிலி சொன்னது. அப்பாவே இல்லை என்றான பிறகு மகள் எங்கிருந்து வருவாள்? அவளை ஓர் அடிக்குறிப்பில் முடித்துவிட்டார். ஒன்றரை வரி.

பிறகு காற்று மாறியது. எது பொய் என்று தோண்டுவதில் இப்போதைய பிள்ளைகளுக்கு ருசியில்லை. ஓரக்குறிப்பு, கறை, காகிதத்தின் மடிப்பு, யார் எந்த அறையில் உட்கார்ந்து படித்தார்கள் என்பதெல்லாம்தான் அவர்களுக்கு முக்கியம். பேராசிரியர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆய்விதழ் ஒன்று மதிப்பிடச் சொல்லி அவருக்கு ஒரு கட்டுரை அனுப்பியது. எழுதியவர் பெயர் மறைக்கப்பட்டிருந்தது. கூடவே ஒரு படம். வேறு ஏதோ நூலின் அட்டைக்குள் ஒட்டிக் கிடந்த பழைய தாள், கேட்டவர்கள் பட்டியல். அந்தக் காலத்தில் ஒரு நூலை ஆசிரியர் முன்னால் வாசித்தால், வந்தவர்களை ஒருவர் எழுதி வைப்பார். அவர் மகா கறார். தூங்கினவர், வம்பளந்தவர், தாமதமாக வந்து ஆரம்பத்தைத் தவறவிட்டவர் எல்லோரையும் அப்படியே எழுதிவிடுவார். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் நீ கேட்கவே இல்லை, பிறருக்குச் சொல்லவும் உனக்கு உரிமை இல்லை.

பதினான்காவது பெயர் காகித வியாபாரியுடையது. அப்பா பெயர், தாத்தா பெயர், தொழில் எல்லாம் இருந்தது. 'அவருடன் நான்கு வயது மகள். பாதியிலிருந்து அவர் மடியில் தூங்கிவிட்டாள்.'

பேராசிரியர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அதே கையெழுத்தில் வேறு மூன்று பட்டியல்களை உண்மையானவை என்று சான்று சொன்னவரே அவர்தான். இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் நான்கு வரியில் எழுதி அனுப்பினார்: 'பட்டியல் போலி. வெளியிட வேண்டாம்.' அனுப்பிவிட்டு எழுந்து கை கழுவினார்.

மத்தியானம் துறைக் கூட்டம். பதினான்கு பேர் இருந்தார்கள், அரைமணி நேரம் பேசியது அவர்தான். மறுநாள் கூட்டக் குறிப்பு வந்தது. அதில் பதின்மூன்று பெயர்கள்.

செயலாளர் அம்மாவிடம் போனார். பதினெட்டு வருடமாகக் குறிப்பெடுக்கிற கை, ஒரு புள்ளி தவறியதில்லை.

"என் பேரை விட்டுட்டீங்களே?"

அந்த அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அவருடைய தோளுக்குப் பின்னால் எங்கோ பார்த்தார். "நீங்க வந்தீங்களா சார்?"

"உங்க பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்!"

"அந்த நாற்காலி காலியாத்தானே இருந்துச்சு. நான் பையை வெச்சிருந்தேன்."

வியாழக்கிழமை நூலகக் கதவு அவருடைய அட்டைக்குத் திறக்கவில்லை. கவுண்டரில் இருந்தவர் கணினியைத் தட்டிப் பார்த்து, இப்படி ஒரு உறுப்பினர் இல்லை என்றார். வெள்ளிக்கிழமை வகுப்பில் பத்து நிமிடம் மூச்சுவிடாமல் பேசினார். முன்வரிசைப் பெண் கடிகாரத்தைப் பார்த்து, "கத்தரிக்கோல் இன்னைக்கு வராது போல, வாங்க போலாம்" என்றாள். மொத்த வகுப்பும் அவரைத் தாண்டிப் போனது. ஒருத்தியின் பை அவர் கையில் இடித்தது. அவள் மேசையில் இடித்ததுபோல் பையைச் சரிசெய்துகொண்டாள்.

பயம் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு ஓடினார்.

மகள் கூடத்தில் வேலைக்கான விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். திரை போட்டிருந்ததால் விளக்கு எரிந்தது. மனைவி உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பா பேருன்னு ஒரு கட்டம் இருக்கே, என்ன போட?"

"எப்பவும் போலக் காலியா விடுடி."

அவர் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். "கண்ணு, அப்பா இங்கதாம்மா இருக்கேன்" என்றார். மகள் பேனாவை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தினாள்.

சரி, என்னை மறந்தால் மறந்துவிட்டுப் போகட்டும், பழைய புத்தகமாவது பிழைக்கும் என்று ஒரு கணம் நினைத்தார். மனிதருக்கு அவ்வளவு வீம்பு.

"அம்மா, பிறந்த ஊரு எதும்மா போடணும்?" என்றாள் மகள்.

பதில் இல்லை.

"அம்மா?"

மனைவி மடித்த துணியோடு கூடத்துக்கு வந்தாள். மகளைக் கடந்து போனாள். ஆளில்லாத அறையில் எதற்கு விளக்கு என்று முணுமுணுத்துக்கொண்டே அதை அணைத்துவிட்டுப் போனாள்.

இருட்டில் மகள் மெல்ல, "அம்மா..." என்றாள். சின்னப் பிள்ளையின் குரல் அது.

ஒன்றரை வரி அடிக்குறிப்பு பேராசிரியருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அப்பாவே இல்லை என்றால் மகள் ஏது? மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அலைபேசி வெளிச்சத்தில் தட்டினார். 'என் முந்தைய அறிக்கை பொய். பட்டியல் உண்மையானது. காகித வியாபாரி இருந்தார். என் புத்தகம் தவறு. அவருடைய மகளும் இருந்தாள், அப்பாவிடம் கேட்டாள், பலருக்குச் சொல்லிக்கொடுத்தாள்.' இருவர் பெயரையும் அப்பா, தாத்தா பெயரோடு முழுசாக எழுதினார். மதிப்பிடுகிறவர் கையெழுத்துப் போடும் வழக்கமில்லை. அவர் போட்டு அனுப்பினார்.

விளக்கு எரிந்தது.

"ஏண்டி இருட்டுல உக்காந்திருக்கே?" என்றாள் மனைவி.

"நீதானேம்மா அணைச்சே! கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன், காதுல விழலையா?" மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "அப்பா! நீங்க எப்ப வந்தீங்க? ஏன் தரையில உக்காந்திருக்கீங்க?"

அவர் அவள் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். வாய்விட்டு அழுதார்.

கட்டுரை வெளிவந்தது. அடுத்த துறைக் கூட்டத்தில் அதைப் பற்றித்தான் பேச்சு. அன்று எல்லோருக்கும் முன்னால் போய்க் கதவைத் திறந்தவர் பேராசிரியர். கேலி, கிண்டல், எல்லாவற்றையும் கடைசிவரை கேட்டார்.

மறுநாள் செயலாளர் அம்மா குறிப்பை எடுத்துக்கொண்டு அவர் அறைக்கே வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"சார், இது என் கையெழுத்துதான். ஆனா எழுதின ஞாபகமே இல்ல. நீங்க வேற முதல்ல வந்தீங்க. இந்த வரிய அடிச்சிடவா?"

பதினான்காவதாக அவர் பெயர் இருந்தது. பக்கத்தில் எழுதியிருந்தது: 'தாமதமாக வந்தார். ஆரம்பத்தைக் கேட்கவில்லை.'

"இருக்கட்டும்மா, சரியாத்தான் எழுதியிருக்கு" என்று கையெழுத்துப் போட்டார்.