ஓய்வுநாளன்று பெருக்க வந்தது

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை எனக்கு லிஃப்டில் கிடைத்தது. யூதர்களான நாங்கள் ஓய்வுநாளில் எந்த மின்சாரப் பொத்தானையும் தொடுவதில்லை, எந்த யந்திரத்தையும் ஓட்டுவதில்லை. அதனால் சனிக்கிழமைகளில் எங்கள் கட்டடத்து லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் தானாகவே நின்று, திறந்து, மூடி, ஆற அமர இறங்கும். ஏழாம் மாடியிலிருந்து நான் வந்துகொண்டிருந்தேன். ஆறாம் மாடியில் கதவு திறந்ததும் வட்டமான ஒரு வீடு பெருக்கும் ரோபோ உள்ளே வந்தது. என் செருப்பைச் சுற்றி ஒருமுறை பெருக்கிவிட்டு மூன்றாம் மாடியில் இறங்கிக்கொண்டது.

காலால் மறித்திருக்கலாம். மறிக்கவில்லை. எழுதுகிறவளுக்கு அப்படி ஒரு கெட்ட புத்தி.

2

தொடக்க வரிக்கு முயன்றவை:

"எருசலேமின் வெயிலில்—" வேண்டாம். வெயில் இல்லாத எருசலேம் கதையை யார் எழுதியிருக்கிறார்கள்?

"ஃப்ரேஹாவுக்குக் காலையிலிருந்தே வலது கண் துடித்தது—" பொய். அன்று அவளுக்குக் கண்ணைக் கவனிக்க நேரமே இல்லை.

சரி, நேராகவே போகிறேன். மூன்றாம் மாடி ஃப்ரேஹா தன் மகள் யிஸ்காவைக் கட்டிக்கொள்ளப்போகிற பையனின் பெற்றோரை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தாள். ஓய்வுநாளில் வண்டி ஏறக் கூடாதென்று நாற்பது நிமிடம் நடந்தே வந்திருந்தார்கள். கதவைத் திறக்கும்போது விளக்கு எரிந்துவிடக் கூடாதென்று வெள்ளிக்கிழமையே ஃபிரிட்ஜ் பல்பைக் கழற்றி வைத்துவிடுகிற குடும்பம். பையனின் அம்மா ப்ரூரியா மீனைப் பார்த்ததைவிட வீட்டைத்தான் அதிகம் பார்த்தாள்.

காற்றுக்காக வாசல் திறந்திருந்தது.

3

"சம்பந்தி, கீழ ஏதோ ஓடுதே?" என்றாள் ப்ரூரியா.

அவள் கணவர் இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டார். ஃப்ரேஹாவின் கணவன் மக்லுஃப் கண்ணை மூடி ஓய்வுநாள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான். அவனுக்கு உலகமே இல்லை. யிஸ்கா சிரிப்பை அடக்கக் கைத்துண்டைக் கடித்தாள். ரோபோ ரொட்டித் தூளைத் தின்றபடி மேசைக்கடியிலிருந்து ஃப்ரேஹாவின் பக்கம் எட்டிப் பார்த்தது. அதன் முதுகில் ஒட்டியிருந்த வெள்ளைத் தாளில் கொட்டை எழுத்து: எல்கானா, 6.

எல்கானா கணக்கு வாத்தியார். கீழ்த்தள ஜெபக் கூடத்தை நடத்துகிறவர். ஓய்வுநாளை எப்படிக் காப்பது என்று கட்டடத்துக்கே பாடம் எடுப்பவர். எட்டு மாதத்துக்கு முன் 'மூன்றாம் மாடி மீன் வாடை ஆறாம் மாடிப் பிரார்த்தனையைக் கெடுக்கிறது' என்று லிஃப்டில் எழுதி ஒட்டியவரும் அவர்தான். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

[முதல் வரைவில் ஃப்ரேஹா அந்தப் பெயரை உரக்கப் படித்தாள். நானாக இருந்தால் மைக் வைத்துப் படித்திருப்பேன். ஆனால் நடந்தது அதுவல்ல என்பதால் அடித்துவிட்டேன்.]

நடந்தது இது. ஃப்ரேஹா தன் கைத்துண்டை அதன் முதுகில் போட்டாள்.*

"எங்களுதுதான் சம்பந்தி. டைமரை நிறுத்த மறந்துட்டேன்."

"மறந்துட்டீங்களா?"

"வயசாகுதுல்ல."

"நாப்பத்தாறுதானே ஆகுது உங்களுக்கு?"

முக்காடு போட்ட மணப்பெண்போல அது கூடத்தை மூன்று சுற்று வந்தது. விருந்தாளிகள் இனிப்பைத் தொடாமலே எழுந்துகொண்டார்கள்.

(* ஓய்வுநாளில் அதை இப்படி மூடலாமா என்று எங்கள் மதகுருக்களான இரண்டு ரபிகளிடம் கேட்டேன். ஒருவர் யோசிக்க வேண்டும் என்றார். மற்றவர் என்ன மீன் என்று கேட்டார்.)

கதவு சாத்தியதும் யிஸ்காவின் சிரிப்பு அழுகையாகிவிட்டது. "நம்மளுது இல்லையேம்மா! பேர் ஒட்டியிருந்துச்சே, நானும் பாத்தேன்!"

"தெரியும்டி."

"என் கல்யாணம்மா!"

"நாலு பேர் முன்னால ஒருத்தர் முகத்தை அவமானத்துல வெளுக்க வைக்கிறது, ரத்தம் சிந்த வைக்கிற மாதிரின்னு படிச்சிருக்கேல்ல? சாப்பாட்டு மேசையில ரத்தம் வேண்டாம்னு பாத்தேன்." மகளின் கண்ணைத் துடைத்துவிட்டாள். "மகளே, எனக்கும் பயமாத்தான் இருக்கு."

4

வானத்தில் மூன்று நட்சத்திரம் வந்து ஓய்வுநாள் முடிந்ததும், ரோபோவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஃப்ரேஹா ஆறாம் மாடி ஏறினாள்.

"உங்க மாடு" என்றாள்.

எல்கானா விழித்தார்.

"விரோதியோட மாடு வழிதப்பி வந்தா ஓட்டிக்கிட்டுப் போய் விடணும்னு வேதத்துல இருக்கே. மாட்டுக்குச் சக்கரம் இருக்கக் கூடாதுன்னு எங்கயும் எழுதல."

"யாரு... யாரெல்லாம் பாத்தாங்க?"

"எல்லாரும் பாத்தாங்க. என்னோடதுன்னு பாத்தாங்க. பட்டினி போடல, ரொட்டித் தூள் தின்னுச்சு."

அவருக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது. "உங்க பொண்ணு சம்பந்தம்?"

"இனிப்பைத் தொடாமலே போயிட்டாங்க" என்று ரோபோவை அவர் கையில் வைத்தாள் ஃப்ரேஹா.

"அந்த மீன்..." என்றார் எல்கானா, தரையைப் பார்த்து. "வாடை இல்லீங்க, வாசனை. எனக்கு இங்க முட்டையும் ரொட்டியும்தான். பொறாமையில எழுதிட்டேன்."

5

ஞாயிறு மாலை (எங்கள் ஊரில் அது வேலைநாள்), பள்ளிக்கூடம் விட்டதும், எல்கானா ரோபோவைப் பையில் போட்டுக்கொண்டு ப்ரூரியா வீட்டுக்குப் போக நகர ரயிலில் ஏறினார். மூன்றாவது நிறுத்தத்தில் பை பேசியது: "சுத்தம் செய்யத் தொடங்குகிறேன்."

எங்கள் ஊரில் பை பேசினால் என்ன ஆகும்? வெடிகுண்டோ என்று பெட்டி முழுக்க எழுந்து பின்வாங்கியது.

"ஐயோ, துடைப்பம்தாங்க! துடைப்பம்!"

வெளியே எடுத்துக் காட்ட வேண்டியதாயிற்று. ஏன் கொண்டுபோகிறார் என்று சொல்ல வேண்டியதாயிற்று. யார் கண்ணிலும் படக் கூடாதென்று நடுங்கிய மனிதர் நாற்பது பேரிடம் முழுக் கதையையும் சொன்னார்.

"ஓய்வுநாள்லயா?" என்றாள் ஒரு காய்கறிப் பைக்காரி.

"மறதி பாவமாகாதுய்யா" என்றார் ஒருவர்.

"நீ என்ன பெரிய ரபியா? டைமர் போட்டவன் யாரு?" என்றார் பக்கத்தில் இருந்த அவர் மைத்துனர்.

வாக்குவாதம் முடிவதற்குள் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிவிட்டது. திரும்பி நடந்தபோது அந்தக் காய்கறிக்காரியும் மைத்துனர்கள் இருவரும் சாட்சிக்கு வருகிறோம் என்று கூடவே வந்தார்கள்.

6

இங்கே மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் ப்ரூரியா கதவை முகத்தில் அறைந்து சாத்துகிறாள். இன்னொன்றில் அவள் கணவர், "எங்க வீட்டு ஃபிரிட்ஜ் பல்பைக் கூட இந்த வாரம் கழட்ட மறந்து—" என்று தொடங்கி... வேண்டாம், அது என் ஆசை. மூன்றாவதில் எல்லோரும் உட்கார்ந்து மீன் சாப்பிடுகிறார்கள். அது என் பசி.

அந்த வாசலில் நடந்தது எனக்குத் தெரியும். காய்கறிக்காரி சொன்னாள். ஆனால் எல்கானா தன் வெட்கத்தைத் தானே சுமந்து போய் இறக்கி வைத்தது வேறு, அதை நான் ஊருக்கு விரித்துக் காட்டுவது வேறு. இதுவரை எழுதியதற்கே பெயர்களையும் மாடிகளையும் மாற்றியிருக்கிறேன். இனி ஒரு வரியும் முடியாது.

மணி அடித்தாயிற்று. உள்ளே செருப்புச் சத்தம் கேட்கிறது. நான் காதைப் பொத்திக்கொள்கிறேன், நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். எந்த மனிதரை எடைபோட்டாலும் தராசை நல்ல பக்கம் சாய்த்துப் பிடி என்பார்கள் எங்கள் பெரியவர்கள். எல்கானாவை அப்படி எடைபோடுவது சுலபம். இதற்குள் உங்களுக்கு அவரைப் பிடித்திருக்கும்.

ஆனால் கதவைத் திறக்கப்போகிறவள் ப்ரூரியா.