இரண்டு மில்லி மூக்கு

என் மச்சினனுக்கு, குட்டி விமானம் செய்யற எங்க மாடல் சங்கத்துல பேரு 'மில்லிமீட்டர்'. சட்டைப் பையில பேனா இருக்கோ இல்லையோ, அளக்கற காலிப்பர் இருக்கும். போன வருஷம் நான் செஞ்ச குட்டி ப்ளேனோட இறக்கையை அளந்துட்டு, சங்கத்து ஆளுங்க அத்தனை பேர் முன்னாடியும், "கொஞ்சம் குட்டை மாமா"ன்னான். மானமே போச்சு. இந்த வருஷக் கண்காட்சியில அதே வாயால "சரியா இருக்கு"ன்னு சொல்ல வைக்கலேன்னா சங்கத்தையே விட்டுடறேன்னு வீட்டுல கத்திட்டேன்.

அதுக்குன்னே ப்ளாஸ்டிக் பாகமா பெட்டியில வர்ற ஒரு போர் விமானத்தை வாங்கினேன். அச்சு வார்த்த புண்ணியவான் அரைத்தூக்கத்துல இருந்திருப்பான் போல, வரைபடத்தோட வச்சுப் பாத்தா மூக்கு ரெண்டு மில்லி கம்மி. பெட்டியில வந்ததை வந்தபடி ஒட்டிட்டுப் போறவனா நான்? மூக்கை அறுத்தேன், நடுவுல ப்ளாஸ்டிக் தகடு வச்சு ஒட்டினேன், பட்டி பூசினேன், உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன். தேய்க்கத் தேய்க்க மூக்கு ஒரு பக்கமா சாஞ்சுது. நேராக்கறேன்னு திரும்ப அறுத்தேன். அஞ்சு மாசம் இதே கூத்து. சாப்பாட்டு மேசை பூரா வெள்ளைத் தூசி.

என் பெண்டாட்டிக்குப் பல் லேபுல பொய்ப்பல் செய்யற வேலை. ஒருநாள் தோள் மேல எட்டிப் பாத்து, "கொண்டாங்க, நான் பாக்கறேன்"னா.

"பல்லு வேற, ப்ளேன் வேற. நீ உன் வேலையைப் பாரு"ன்னு வள்ளுன்னு விழுந்தேன்.

அவ வரைபடத்தை ஒரு தடவை உத்துப் பாத்துட்டு உள்ளே போயிட்டா. அப்பவே நான் உஷாராகி இருக்கணும்.

கண்காட்சிக்கு நாலு நாள் இருக்கறப்ப மூக்கு ரெண்டாப் பிளந்துடுச்சு. நிஜமாவே அழுகை வந்துடுச்சு. உதிரி பாகத்துக்காக வாங்கி வச்சிருந்த இன்னொரு பெட்டியைப் பிரிச்சேன். எதையும் அறுக்காம, குட்டை மூக்கோடவே ஒட்டி, சாம்பல் பெயின்ட் அடிச்சு, 'மூக்கு திருத்தப்பட்டது'ன்னு பக்கத்துல அட்டையும் வச்சேன். திருட்டுத்தனம்தான், நான் ஒண்ணும் இல்லேங்கலை.

மச்சினன் வந்தான். குனிஞ்சான். காலிப்பரை எடுத்தான். ஒரு தடவைக்கு ரெண்டு தடவை அளந்தான்.

"சரியா இருக்கு மாமா."

அன்னிக்குப் பூரா எனக்குக் கால் தரையில நிக்கலை.

அடுத்த வாரமே, அவனும் செஞ்சு வச்சிருந்த அதே மாதிரி ப்ளேனைப் பெட்டியில வச்சுத் தூக்கிட்டு வந்தான். "மாமா, மூக்கைத் திருத்தாமலே அவசரப்பட்டு பெயின்ட் அடிச்சுட்டேன். எனக்கும் அந்த ரெண்டு மில்லியைச் சேர்த்துக் குடுங்களேன்."

ரெண்டு தடவை அளந்தும் கண்டுபிடிக்காத ஆளு இப்ப மட்டும் கண்டுபிடிச்சுடுவானா? ஒன்பது நாள் அலமாரி மேலயே வச்சிருந்தேன். கடைசி நாள் புதுசா ஒரு கை பெயின்ட், தேய்ச்ச மாதிரி தெரியறதுக்குப் பெட்டிக்குள்ள ரெண்டு சிட்டிகை பட்டித் தூசி. அவ்வளவுதான் என் வேலை.

வாங்கி அளந்தான். "வரைபடத்துல இருக்கறபடியே இருக்கு."

"பின்ன? செஞ்சது யாரு?"ன்னேன்.

"அதைத்தான் நானும் கேக்கறேன். உங்க கையில குடுக்கறப்பவே ரெண்டு மில்லி சேர்த்தாச்சு மாமா. நீங்களும் சேர்த்திருந்தா இப்ப ரெண்டு மில்லி அதிகமா இல்ல இருக்கணும்?"

"அப்போ கண்காட்சியில சரியா இருக்குன்னியேடா?"

"நீங்க சங்கத்தை விட்டுடப் போறீங்கன்னு அக்காதான் அப்படிச் சொல்லச் சொன்னா."

அக்காக்காரி சோபாவுல உக்காந்து துணி மடிச்சிட்டு இருந்தா. நிமிரக்கூட இல்லை.

"திட்டம் போட்டுக் கவுத்துட்டீங்களா ரெண்டு பேரும்!"னு குதிச்சேன். குதிச்சு என்ன பிரயோஜனம்? "சரி, நீயாவது எப்படிடா சாயாம ஒட்டினே?"

"நான் எங்க ஒட்டினேன்?"னு அவன் அக்காவைப் பாத்தான்.

"பல்லு வேற, ப்ளேன் வேறதாங்க"ன்னா அவ, துவாலையை உதறிக்கிட்டே. "பல்லுக்கு ரெண்டு நாள் ஆகும். இது ஒரே மத்தியானத்துல முடிஞ்சிடுச்சு."

அஞ்சு மாசம்! எனக்கு அஞ்சு மாசம்! மச்சினன் ப்ளேனோட மூக்கைக் கட்டை விரலால தடவிப் பாத்தேன். ஒட்டு எங்க இருக்குன்னே தெரியலை. பொறாமையில வயிறு எரிஞ்சுது, அதையும் வாய்விட்டுச் சொல்லிட்டேன்.

உள்ளே போய், பிளந்து கிடந்த என் மூக்கை எடுத்துட்டு வந்து அவ முன்னாடி வச்சேன்.

"இதை எங்க அறுக்கணும்?"

"முதல்ல மேசையைத் துடைங்க"ன்னா.

துடைச்சேன்.