கோப்பைக்கு ஒரு சீட்டு

என்னைக் கோபக்காரன் என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். நான் நியாயம் பேசுகிறவன். நியாயம் பேசும்போது குரல் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். அதற்குப் போய் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் பேட்டை முழுக்க எனக்குப் ‘பட்டாசுக் கன்னையா’ என்று பேர் வைத்துவிட்டார்கள். அந்தப் பேரை முதலில் வைத்தவன் அய்யாவுதான். அவனைப் பற்றித்தான் இந்தக் கதை.

அந்தக் காலத்தில் அய்யாவு ரயில் கொட்டகையில் சரக்கு ஏற்றி இறக்குகிறவன். நான் தண்ணீர் இலாகாவில் குழாய் புதைக்கக் கான் வெட்டுகிறவன். பதினோரு வருஷமாக நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகும் முன் ஜெய்னுலாபுதீன் ராவுத்தரின் மயில் காப்பிக் கடையில் ஒரு காப்பி குடிப்போம். ஆளுக்கு ஒரு காப்பி இல்லை, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு காப்பி. ஒரு நாள் காசு அவனுடையது, மறுநாள் என்னுடையது. பாதியைச் சாசரில் ஊற்றி அவன் குடிப்பான். கோப்பையில் மிச்சம் இருப்பது என் பங்கு. யார் கோப்பை, யார் சாசர் என்று நாங்கள் ஒரு நாளும் பேசி முடிவு செய்ததில்லை. முதல் நாள் அப்படி அமைந்தது, அப்படியே போய்க்கொண்டிருந்தது.

முப்பத்தாறாம் வருஷம் ராவுத்தர் கடைக்கு எதிரே ஹைனானியச் சீனர் ஒருவர் காப்பிக் கடை போட்டு, உள்ளே கிராமபோன் வைத்தார். ராவுத்தருக்குத் தூக்கம் போயிற்று. அவருக்கு பிரிக்பீல்ட்ஸில் ஒன்று, கிள்ளானில் ஒன்று, செமினியில் ஒன்று என்று மூன்று கடைகள். மூன்றுக்கும் சேர்த்து ஒரு போட்டி வைத்தார். கடையில் உட்கார்ந்து குடிக்கிற ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு சீட்டு. பால் டின்னில் கட்டி எடுத்துப் போகிற காப்பிக்குக் கிடையாது. சீட்டின் ஒரு பாதியில் பேரை எழுதிப் பெட்டியில் போட வேண்டும், மறுபாதியைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு மாதம் கழித்துக் குலுக்கல். பரிசு, மணியும் விளக்கும் வைத்த புத்தம் புதுச் சைக்கிள். அதைக் கடை விட்டத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்குக் கீழே உட்கார்ந்து காப்பி குடிக்க எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

ஆனால் அந்தச் சைக்கிள் எனக்கு வேண்டும். ஆசைக்கு இல்லை, வேலைக்கு. எங்கள் இலாகாவில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலை ஒன்று காலியாகியிருந்தது. பதினோரு வருஷம் மண்வெட்டி பிடித்து என் இடுப்பு விட்டுப்போயிருந்தது. காலையில் எழுந்து நிமிர்வதற்குள் பாதி விடிந்துவிடும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும், எண் தெரியும். ஆள் எடுக்கிற குமாஸ்தா, கிராணி கார்த்திகேசு, நல்ல மனிதர். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்.

“சொந்தமாச் சைக்கிள் இருக்கோ? வாற மாசம் முதலாந் தேதிக்குள்ள கொண்டு வந்து காட்டும். இல்லையெண்டா வேலை வேற ஆளுக்குப் போயிடும்.”

சைக்கிள் வாங்க நான் என்ன ஈயச் சுரங்கமா வைத்திருக்கிறேன்? அய்யாவிடமும் இதைச் சொல்லிப் புலம்பியிருந்தேன்.

போட்டி தொடங்கிய முதல் நாள் காசு அய்யாவினுடையது. ஒரு காப்பி வந்தது, கூடவே ஒரு சிவப்புச் சீட்டும் வந்தது. பிரிக்பீல்ட்ஸ் கடைக்குச் சிவப்பு, கிள்ளானுக்குப் பச்சை, செமினிக்கு மஞ்சள். அய்யாவுக்கு எழுத வராது. சீட்டை என்னிடம் நீட்டி, “எழுதுடா” என்றான். நான் என் பேரை எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

“யாரு பேரு எழுதினே?”

“என் பேருதான்.”

“இன்னைக்கிக் காசு என்னுது. ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதியிருக்கலாம்ல?”

அவன் கேட்டது நியாயம்தான், இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. கடை முழுக்க ஆள் இருந்தது. “கோப்பைக்குத்தான்டா சீட்டு. சாசர்ல நக்கிக் குடிக்கறவனுக்கு என்னடா சீட்டு?” என்று சொல்லிவிட்டேன்.

நாலு பேர் சிரித்தார்கள். அய்யாவு சிரிக்கவில்லை. சாசரை மெல்லக் கீழே வைத்தான், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அவன் மேஸ்திரியிடம் கேட்டு கிள்ளான் சரக்குக் கொட்டகைக்கு மாறிக்கொண்டான், தினமும் சரக்கு வண்டியிலேயே போய் வருகிறான் என்று என் வீட்டுக்காரி நல்லம்மாள் வந்து சொன்னாள்.

“போய்ச் சமாதானம் பேசிட்டு வாங்களேன்” என்றாள்.

“போனா போகட்டும். எனக்கென்ன, அவன் இல்லாம காப்பி இறங்காதா?”

இறங்கியது. நிறையவே இறங்கியது. காலையில் நாலு கோப்பை, மத்தியானம் மூன்று, வேலை முடிந்து வந்து ஏழு என்று ஒரு நாளைக்குப் பதினாலு கோப்பை வரைக்கும் போனேன். கை நடுங்க ஆரம்பித்தது. கண்ணை மூடினால் இமை தானாகத் திறந்துகொண்டது. நான் வெட்டிய கான் ஓணான் ஓடிய தடம் மாதிரி வளைந்து போகிறது என்று எங்களை வேலை வாங்கும் தண்டல் திட்டினான். ராவுத்தரே ஒரு நாள் என் மேசைக்கு வந்துவிட்டார்.

“தம்பி, எனக்கு வியாபாரம்தான். ஆனா உன் நெஞ்சு நின்னுபோச்சுன்னா அந்தச் சைக்கிள்ல வெச்சு நான்தான் ஒன்ன வீட்டுக்குத் தள்ளிட்டுப் போகணும். போதும் லா.”

நல்லம்மாளோ, “சைக்கிள் வருதோ இல்லையோ, கிறுக்கு வந்துடும் உங்களுக்கு” என்றாள். சிவப்புச் சீட்டின் மறுபாதிகளை ஒரு அரிசிச் சாக்கில் போட்டு வைத்திருந்தேன். அதைப் பார்க்கும்போதெல்லாம், ஒரே கோப்பையை இரண்டு பேர் குடித்த காலத்தில் வயிறு நன்றாக இருந்ததே என்று தோன்றும். தோன்றியதும் அய்யாவு மேல் இன்னும் கோபம் வரும்.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை குலுக்கல். புதன்கிழமை முதல் தேதி. கடை முன்னால் தெருவை அடைத்துக்கொண்டு கூட்டம். எதிர்க்கடை ஹைனானியர்கூடக் கிராமபோனை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றார். மூன்று கடைப் பெட்டிகளையும் ஒரு பெரிய அண்டாவில் கொட்டி, ராவுத்தர் தன் துண்டாலேயே தன் கண்ணைக் கட்டிக்கொண்டு கையை விட்டார். ஒரு சீட்டை எடுத்தார். கட்டை அவிழ்த்து, கையை நீட்டித் தூரமாக வைத்துப் படித்தார்.

“பச்சைச் சீட்டு. நம்பர் எழுநூத்து முப்பத்தொண்ணு. கன்னையா, தண்ணி இலாகா, பிரிக்பீல்ட்ஸ்.”

என்னைத் தூக்கிவிட்டார்கள். நான் சைக்கிள் மணியைக்கூட ஒரு தரம் அடித்துவிட்டேன். அப்புறம்தான் ராவுத்தர் என் கையைப் பிடித்தார்.

“மறுபாதிய எடு தம்பி.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பச்சை என்றால் கிள்ளான் கடை. நான் கிள்ளானுக்குப் போய் ஒரு வருஷம் ஆகிறது. ஓடிப்போய்ச் சாக்கைக் கொண்டு வந்து தெருவிலேயே கொட்டினேன். அத்தனையும் சிவப்பு. கூட்டம் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து தேடியது. ஒரு பச்சைகூட இல்லை.

“என் பேரு, என் இலாகா, என் ஊரு. இதுக்கு மேல என்ன வேணும்?” என்று கத்தினேன்.

“பேரு ஒன்னுதுதான். மறுபாதி ஒன்கிட்ட இல்லையே. சபை முன்னால சொன்ன சட்டம் தம்பி, நானே மாத்துனா நாளைக்கி எவன் நம்புவான்? நாளைக்கிச் சாயங்காலம் அஸர் பாங்கு சொல்ற வரைக்கும் டைம் தரேன். அதுக்குள்ள வரலைன்னா மறுபடி குலுக்கல்” என்றார் ராவுத்தர்.

திங்கட்கிழமை வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுக் காலை ரயிலில் கிள்ளானுக்குப் போனேன். வழியெல்லாம் எவன் என் பேரை எழுதி விளையாடினான் என்று பல்லைக் கடித்துக்கொண்டே போனேன். அய்யாவு கிள்ளானில்தான் இருக்கிறான், ஆனால் அவனுக்கு எழுத வராதே. கிள்ளான் மயில் கடையைப் பார்த்துக்கொண்டவன் உமர் என்கிற இளவட்டம்.

“நான்தான் கன்னையா. தண்ணி இலாகா. என் பேருல இங்க சீட்டு வாங்குனது யாரு?” என்றேன்.

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். “அண்ணே, எனக்குக் கன்னையாவ நல்லாத் தெரியும். நீங்க அவரு இல்ல.”

நான் கன்னையா இல்லை என்று என்னிடமே ஒருவன் சொன்னால் எப்படி இருக்கும்? மேசையைக் குத்தினேன். கோப்பைகள் குதித்தன. உமர் அசையவில்லை.

“கோவப்படாதீங்கண்ணே. கன்னையா அண்ணன் தெனம் மத்தியானம் சரக்குக் கொட்டகையிலேர்ந்து வருவாரு. ஒரு காப்பி சொல்லுவாரு. எழுத வராதுன்னு சீட்டுல என்னத்தான் பேரு எழுதச் சொல்லுவாரு. தண்ணி இலாகா கன்னையான்னு. அவரு பேருன்னுதான் நான் நெனச்சேன்.”

நான் மேசையிலிருந்து கையை எடுத்தேன். உமர் தானாகவே தொடர்ந்தான்.

“ஒரு மாதிரியான ஆளுண்ணே. பாதியச் சாசர்ல ஊத்தி ஊதி ஊதிக் குடிப்பாரு. கோப்பையில இருக்கற பாதியத் தொடவே மாட்டாரு. அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிடுவாரு. காப்பி சரியில்லையோன்னு பயந்து நான் கேட்டேன். அது அவன் பங்குன்னாரு. அவன் யாருன்னு கேட்டேன். அதுக்கு அவரு சொன்ன வார்த்தைய கடையில வெச்சுச் சொல்ல முடியாது.”

நான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. ஒரு மாதமாக அவன் ஒவ்வொரு நாளும் கோப்பையில் எனக்குப் பாதி வைத்திருக்கிறான். நான் பதினாலு கோப்பை குடித்தபோது ஒரு சொட்டுகூட அவனுக்கென்று வைக்கவில்லை. வைக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

சரக்குக் கொட்டகையில் அய்யாவு ரப்பர் கட்டு சுமந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்தும் பார்க்காதவன் மாதிரி கட்டை இறக்கினான். அவன் நெற்றியிலிருந்து புருவம் வரைக்கும் பச்சை நிறம் வழிந்திருந்தது. கிளிக்குப் பிறந்தவன் மாதிரி இருந்தான். வேறு சமயமாக இருந்தால் நான் சிரித்தே செத்திருப்பேன்.

“என் பேருதான் விழுந்திருக்கு” என்றேன்.

“தெரியும். நேத்தே ரயில்காரனுங்க சொன்னானுங்க.”

“மறுபாதி இல்லாம தர மாட்டேங்கறாரு.”

“அதுவும் தெரியும்.”

“தெரிஞ்சும் சும்மா இருந்தியே.”

“நீ வருவியா மாட்டியான்னு பாக்கலாம்னு இருந்தேன். ரெண்டு மணி வண்டிக்கு வரலைன்னா நானே கொண்டாந்து ராவுத்தர்கிட்டக் கொடுத்துட்டு, ஒன்னப் பாக்காம வந்திருப்பேன்.”

மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. நல்லம்மாளிடம்கூடக் கேட்டதில்லை. காப்பியில்லாமலே கை நடுங்கியது. “அன்னைக்கி நான் சொன்னது தப்புடா அய்யாவு. நாலு பேருக்கு முன்னால அப்படிச் சொன்னது பெரிய தப்பு” என்றேன்.

 அவன் தலையிலிருந்த சும்மாட்டை எடுத்துப் பிரித்தான். துண்டைச் சுருட்டிச் செய்த சும்மாடு, அதற்குள்ளே கத்தையாகப் பச்சைச் சீட்டுகள். வீட்டில் வைத்தால் கரையான், மடியில் வைத்தால் விழுந்துவிடும் என்று தலையிலேயே வைத்துச் சுமந்திருக்கிறான். வேர்வையில் சாயம் விட்டு நெற்றி பச்சையாகியிருக்கிறது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். எழுநூற்று முப்பத்தொன்று ஓரம் நைந்திருந்தது, நல்ல வேளையாக நம்பர் தெரிந்தது.

“என் மேல அவ்வளவு கோவம் இருந்திச்சு, அப்புறம் ஏன்டா என் பேர எழுதச் சொன்னே?”

“ஒன் மூஞ்சில முழிக்கக் கூடாதுன்னுதான் கிள்ளானுக்கு வந்தேன். ஒனக்கு வேல கெடைக்கக் கூடாதுன்னா வந்தேன்? அது வேற, இது வேற. மொத நாளும் ஒன் பேரத்தான்டா எழுதச் சொல்லியிருப்பேன். கேட்டுட்டு எழுதியிருக்கலாம், அவ்வளவுதான்.”

அஸர் பாங்குக்கு முன்னால் ராவுத்தர் கடைக்கு இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தோம். அவர் பாதியையும் பாதியையும் மேசையில் வைத்து ஒட்டிப் பார்த்தார், அய்யாவின் நெற்றியையும் பார்த்தார். சைக்கிளை விட்டத்திலிருந்து இறக்கச் சொன்னார். “ரெண்டு பேரும் உக்காருங்க. ஆளுக்கு ஒரு காப்பி, என் கணக்கு” என்றார்.

“ஒண்ணு போதும் ராவுத்தரே” என்றேன்.

ஒரு காப்பி வந்தது. வழக்கம்போல அய்யாவு கையை நீட்டுவதற்குள் நானே சாசரில் பாதியை ஊற்றி என் பக்கம் இழுத்துக்கொண்டு, கோப்பையை அவன் பக்கம் தள்ளினேன். அவன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“குடிடா. இன்னைக்கி அது ஒன் பங்கு.”

அவன் குடித்தான். நான் சாசரை இரண்டு கையாலும் தூக்கினேன். கை ஆடி, காப்பி சட்டையில் சிந்தியது.

“என்னடா இப்படி நடுங்குற?” என்றான்.

ஒரு மாதமாகப் பதினாலு பதினாலு கோப்பை குடித்ததால் வந்த நடுக்கம் என்றுதான் அவனிடம் சொன்னேன்.