சாட்சிக் கையெழுத்து

பெல்லோஷிப் புதுப்பிக்கும் படிவத்தில் பதிமூன்றாவது கேள்வி வரைக்கும் சின்னவளுக்கு எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பதினான்காவது கேள்வி, போன வருஷத்தில் எந்தெந்த நாள் இந்த நாட்டை விட்டு வெளியே இருந்தீர்கள் என்பது. இதென்ன பிரமாதம்? அக்கா பிரசவத்துக்கு ஊருக்குப் போன பத்தொன்பது நாள். பாஸ்போர்ட்டைப் பார்த்து, மூன்றாம் தேதியிலிருந்து இருபத்தொன்றாம் தேதி வரை என்று தட்டினாள்.

அடுத்து, ஆய்வு நோட்டை நகலெடுத்துப் படிவத்தோடு சேர்க்க வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்குள் சேரவில்லை என்றால் பெல்லோஷிப் கிடையாது. அது இல்லையென்றால் விசா கிடையாது, முப்பது நாளில் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அம்மா வேறு தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள், என் சின்னவள் டாக்டர் பட்டத்தோடுதான் வருவாள் என்று.

ஜெராக்ஸ் மெஷினில் பக்கம் பக்கமாக வைத்துக்கொண்டே வந்தவள், அந்த மூன்றாம் தேதிப் பக்கத்தில் நின்றுவிட்டாள். கீழே சாட்சி என்ற இடத்தில் அவள் கையெழுத்து. நான்காம் தேதியிலும் அவள் கையெழுத்து. பதினொன்றாம் தேதி, அக்காவுக்கு வலி எடுத்து இவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடையாய் நடந்த நாள். அன்றைக்கும் இங்கே கூடவே நின்று பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள், மகராசி!

விஷயம் இதுதான். உப்புத் தண்ணீரில் எந்த விதை தாக்குப்பிடித்து முளைக்கும் என்பது இவர்கள் ஆராய்ச்சி. தினமும் காலை பத்து மணிக்கு ஒருவர் தட்டுகளில் முளைத்ததை எண்ணி எழுத வேண்டும், இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்த்து அன்றைக்கே சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். சட்டம் அப்படி. நடப்பு என்ன தெரியுமா? வெள்ளிக்கிழமை டீயைக் குடித்துக்கொண்டே, வாரத்துக்கும் சேர்த்து சர்ரு சர்ரென்று போட்டுத் தள்ளுவார்கள். ஆய்வகத்தில் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாரும் அப்படித்தான். இவள் ஊரிலிருந்து வந்த மறுநாள் தாத்தா நோட்டை நீட்டினார், இவளும் போட்டாள்.

தாத்தா என்றால் கிழவர் இல்லை. வயது முப்பத்திரண்டுதான். ஏழு வருஷமாக ஒரே பிஎச்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறார், அதனால் அந்தப் பட்டப்பெயர். இவள் முதன்முதலில் வந்து இறங்கியபோது ஏர்போர்ட்டுக்கு வந்து கூட்டிப்போனவர், வீடு பார்த்துக் கொடுத்தவர். நேரில் அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அண்ணன் நீட்டினால் தங்கச்சி படித்துப் பார்த்தா போடுவாள்?

அண்ணா ஒழுங்காக எண்ணியிருப்பார், என் கையெழுத்தில்தானே கோளாறு, அவரிடமே கேட்டுக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு விதைத் தட்டுகள் இருக்கும் அறைக்குப் போனாள். வாசலில் ஏணி போட்டு ஏசி மெக்கானிக் நின்றிருந்தார், அவரும் நம்ம ஊர்க்காரர்தான்.

"மறுபடியும் மக்கர் பண்ணுதும்மா. பயப்படாதீங்க, போன வருஷம் மாதிரி மூணு வாரம் இழுக்காது."

"போன வருஷம் எப்ப?"

"நீங்க ஊருக்குப் போயிருந்தீங்களே, அப்பத்தான். உள்ள சூடு ஏறி விதையெல்லாம் அழுகி நாறிப்போச்சு. நானேதான் தட்டு தட்டா குப்பையில கொட்டினேன். உங்க ஆளு சொல்லலையா?"

சின்னவள் அங்கேயே நின்று பக்கங்களைப் புரட்டினாள். அவள் கையிலிருந்த நோட்டில் அந்தப் பத்தொன்பது நாளும் விதைகள் ஜோராக முளைத்துக்கொண்டிருந்தன. அவளும் தாத்தாவும் பேராசிரியரோடு சேர்ந்து வெளியிட்ட கட்டுரையின் வரைபடம் முழுக்க அந்த எண்கள்தான்.

தாத்தா கேன்டீனில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். அவள் நோட்டை மேஜையில் வைத்ததுமே அவர் முகம் செத்துவிட்டது.

"அண்ணா, இதெல்லாம் எண்ணினீங்களா இல்லையா?"

"மெதுவா பேசு. மறுபடி முதல்லருந்து ஆரம்பிச்சா ஆறு மாசம் போயிடும். எப்படியும் இதே மாதிரிதான் வந்திருக்கும், எனக்குத் தெரியாதா?"

"என்னை எதுக்கு இழுத்து விட்டீங்க? உங்களை நம்பித்தானே போட்டேன்!"

"வீட்டுல அவளுக்கு ஏழாம் மாசம்மா. வேலைக்கு ஆர்டர் வந்தாச்சு. நீ வாயைத் திறந்தா எனக்கு மட்டுமா போகும்? உனக்கும் சேர்த்துத்தான். பேசாம அந்தப் படிவத்துல எங்கயும் போகலைன்னு போட்டுடு. எவன் பாஸ்போர்ட்டைப் பார்க்கப் போறான்?"

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அழுகைதான் வந்தது. ஒரு பொய்யை மூட இன்னொரு பொய்யா? எழுந்து வந்து, இருக்கையில் உட்கார்ந்து, உங்களை உடனே பார்க்க வேண்டும் என்று பேராசிரியருக்கு மெயில் எழுதினாள். பக்கத்து இருக்கையில் புதுசு. போன வருஷம், இவள் ஊருக்குக் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் வந்து சேர்ந்த நம்ம பக்கத்துப் பெண். வருஷம் ஒன்றாகியும் பெயர் புதுசுதான். குளிரில் நடுங்கிக்கொண்டு வந்தவளுக்குச் சின்னவள்தான் தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தாள். அன்றிலிருந்து அக்கா அக்கா என்று காலையே சுற்றும்.

"அக்கா, முகம் ஏன் இப்படி இருக்கு? சாப்பிட்டீங்களா?"

"பசிக்கலைம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

மூன்று மணிக்குப் பேராசிரியர் கூப்பிட்டார். அவர் நம்ம ஆள் இல்லை, அதட்டிப் பேசவும் தெரியாதவர். சின்னவள் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். தன் தப்பையும் மறைக்கவில்லை. அவர் ஒரு இடத்தில்கூடக் குறுக்கிடாமல் கேட்டார். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"வேறு யாரிடமாவது சொன்னீர்களா?"

"இல்லை சார்."

"நல்லது" என்று அலமாரியிலிருந்து புது நோட்டு ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "ஏசி பழுதான நாட்களில் தட்டுகளைப் பக்கத்து அறையில் வைத்து எண்ணினோம் என்று முதல் பக்கத்தில் ஒரு வரி. மற்றதெல்லாம் பழையபடியே. சாட்சி மட்டும் வேறு ஆள். அந்தப் புது மாணவி அப்போது இங்கேதானே இருந்தார்?"

சின்னவள் அந்த நோட்டைத் தள்ளி வைத்தாள். "அவள் அப்ப வகுப்புக்குத்தான் போய்க்கிட்டிருந்தா சார். ஆய்வகத்துப் பக்கமே வரலை."

"அது யாருக்குத் தெரியும்? அவருக்கு உங்கள் மேல் மரியாதை அதிகம், கவனித்திருக்கிறேன்."

"நான் முடியாதுன்னா?"

அவர் முகத்தில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை. "அப்படியென்றால் ஆய்வு முறைகேடுகளை விசாரிக்கும் குழுவுக்கு உள்ளதை எழுதித்தான் ஆக வேண்டும். எண்ணியவர் கைதவறி எண்ணியிருக்கலாம், மனிதர்தானே. ஆனால் இல்லாத இடத்தில் இருந்ததாகக் கையெழுத்துப் போட்டது நீங்கள் ஒருவர்தான். மணி மூன்றரை ஆகிறது."

அவள் எழுந்து போயிருக்க வேண்டும். பழைய நோட்டோடு நேரே அந்தக் குழுவின் அலுவலகத்துக்கு, இரண்டு மாடி இறங்கினால் வந்துவிடும். வராந்தாவில் படிக்கட்டு வரைக்கும் போகவும் செய்தாள். கீழே நாலு பேர் சிரித்துப் பேசிக்கொண்டு ஏறி வந்தார்கள். அவர்களுக்கு வழிவிட்டு நின்றவள், அப்படியே திரும்பி ஆய்வகத்துக்கு வந்துவிட்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனாலும் கால் இந்தப் பக்கம்தான் வந்தது.

தாத்தாவுக்கு அதற்குள் தகவல் போயிருந்தது. மனுஷன் தலையைக் கவிழ்த்துக்கொண்டு முக்கால் மணி நேரத்தில் பத்தொன்பது பக்கத்தையும் எழுதி முடித்து நகர்த்தினார்.

சின்னவள் அதைப் புதுசின் மேஜையில் வைத்தாள். "இதுல சாட்சிக் கையெழுத்துப் போடணும்."

"எத்தனை பக்கம் அக்கா?"

"பத்தொன்பது."

எதுக்குன்னு கேளேன்டி, ஒரே ஒரு கேள்வி கேளேன், சொல்லிவிடுகிறேன் என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தால், "படிச்சுப் பார்த்துட்டுப் போடு" என்று மட்டும்தான் வந்தது.

"நீங்க பார்த்தா பத்தாதா அக்கா?" என்று சிரித்துக்கொண்டே புதுசு பேனாவை எடுத்தாள்.

முதல் பக்கம் போட்டாள். இரண்டாவது போட்டாள். ஆறாவது பக்கத்தில் பேனா எழுதாமல் கீறியது. உதறிப் பார்த்தாள், ஊதிப் பார்த்தாள், வரவில்லை.

சின்னவள் தன் பேனாவின் மூடியைக் கழற்றி அவளிடம் கொடுத்தாள்.