பெண்கள் வார்டுக்கு ஒரு கதவு

பல்லடம் ரோட்டில் இருந்த அந்த மனநல ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு பாத்ரூம் ஏழுக்கும் கதவே கிடையாது. தொண்ணூத்தி மூணில் எவளோ ஒருத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்கிப்போனாளாம். பெரிய டாக்டர் வெங்கடபதி அன்றைக்கே எல்லாக் கதவையும் கழற்றச் சொல்லிவிட்டார். நல்லவேளை, சோறு விக்கி யாரும் இருமவில்லை. இருமியிருந்தால் சோற்றையும் நிறுத்தியிருப்பார் மனுஷன்.

ரோதனையெல்லாம் ஆயா சென்னியம்மாளுக்குத்தான். வாசலில் நின்று ஒவ்வொருத்தியும் குளிப்பதைப் பார்த்து, சார்ட்டில் 'சுயசுத்தம்' என்ற கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். டிக் இல்லாதவளை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பது சட்டம். நாச்சியம்மாளுக்குப் புத்தி தெளிந்து நாலு மாசமாச்சு, டிக் மட்டும் விழவில்லை. போர்வைக்குள்ளேயே ஈரத்துண்டால் துடைத்துக்கொள்வாள்.

"கோவிச்சுக்காதீங்க அம்மணி, நாலு பேர் பாக்க நான் சீலைய அவுக்க மாட்டேனுங்க" என்பாள், கையெடுத்துக் கும்பிட்டு.

டாக்டர் சார்ட்டில் 'முரட்டுத்தனம்' என்று எழுதினார். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல?

நாச்சியம்மாளின் மகன் சபரீஷ் ரெண்டு தரம் கூட்டிப்போக வந்து வெறுங்கையோடு திரும்பியிருந்தான். சனிக்கிழமை மறுபடி வருகிறான். இந்தத் தரமும் திருப்பியனுப்பினால் வருவதையே விட்டுவிடுவான் என்று சென்னியம்மாளுக்குப் பயம். அப்படிச் சொந்தக்காரர்கள் விட்டுப்போன ஒன்பது பேர் வார்டில் கிடந்தார்கள். வெள்ளிக்கிழமை காலையில் டாக்டர் முன்னால் போய் நின்றாள்.

"ஒரே ஒரு கதவு போட்டுக் குடுத்துப்போடுங்க."

"கதவு ஆபத்தும்மா."

"உங்க பாத்ரூமுக்கு இருக்குதுங்களே?"

"நான் என்ன பேஷண்ட்டா?"

அவளுக்கு வந்ததே கோபம். டாக்டர் ஆண்கள் வார்டுக்கு ரவுண்ட்ஸ் போனதும் வாட்ச்மேன் ஆறுச்சாமியை ஸ்க்ரூ டிரைவரோடு இழுத்து வந்தாள். ஒரே மேஸ்திரி கட்டிய கட்டடம். டாக்டரின் பாத்ரூமிலிருந்து கழற்றிய கதவு பெண்கள் பாத்ரூம் ஒன்றின் நிலையில் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது.

"வேல போச்சுன்னா நீங்கதான் சோறு போடோணுமுங்க அக்கா" என்றான் ஆறுச்சாமி.

நாச்சியம்மாள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

அரை மணி ஆச்சு. முக்கால் மணி ஆச்சு. தண்ணீர்ச் சத்தமும் நின்றுபோனது. சென்னியம்மாள் தட்டினாள், கூப்பிட்டாள், பதில் இல்லை. கதவு ஆபத்து என்று டாக்டர் சொன்னதுதான் சரியோ?

அந்த நேரம் பார்த்து டாக்டர் ஓட்டமும் நடையுமாக வந்தார். "எங்கே என் கதவு? உள்ளே யாரு? உடைங்க அதை!"

சென்னியம்மாள் கதவில் முதுகைக் கொடுத்து நின்றாள். "ஒரு நிமிசம் பொறுங்க" என்றாள்.

தாழ்ப்பாள் திறந்தது. நாச்சியம்மாள் தலைக்குக் குளித்து, சீலையைச் சீராகக் கட்டி, பின்னலும் போட்டிருந்தாள்.

"நீங்க கூப்பிட்டது கேட்டுச்சுங்க அம்மணி. கதவுக்குள்ள இருந்துட்டு, பதில் சொல்லாம இருந்து பாக்கோணும்னு ஆசையா இருந்துச்சு. ஒன்றரை வருசமாச்சுங்க, தனியா இருந்து."

டாக்டர் திட்ட வாயைத் திறந்தார். ஆனால் அவருக்குச் சர்க்கரை வியாதி, காலை மாற்றி மாற்றி வைத்து நெளிந்துகொண்டிருந்தார். நாச்சியம்மாள் ஒதுங்கி வழிவிட்டாள்.

"அவசரமாட்ட இருக்குதுங்க. போயிட்டு வாங்க, நாங்க யாரும் பாக்கலைங்க."

டாக்டர் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வெளியே வந்ததும் சார்ட்டைக் கேட்டு வாங்கி, தன் கையாலேயே டிக் அடித்தார். சனிக்கிழமை நாச்சியம்மாள் மகனோடு காங்கேயம் பஸ் ஏறினாள்.

திங்கட்கிழமை டாக்டரின் பாத்ரூமுக்கு அளவெடுக்க ஆசாரி வந்தார். அவரைச் சென்னியம்மாள் நேராக வார்டுக்குக் கூட்டிப்போய், மிச்சமிருந்த ஆறு நிலைக்கும் அளவெடுக்கச் சொன்னாள். டாக்டர் எட்டிப் பார்த்தார், ஆசாரியின் சீட்டை வாங்கி 'ஏழு கதவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.