மாப்பிள்ளை பெயருக்கு ஒரு மனு

கடிதத்தில் விழுந்த எண்ணெய்க் கறையை ருக்மிணி முகப்பவுடர் போட்டு ஒற்றிப் பார்த்தாள். மேலே காகிதம் போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்துப் பார்த்தாள். போகிற வழியாக இல்லை. பெண் பார்க்க வந்த நஞ்சுண்டையரின் கட்டைவிரல், வாழைக்காய் பஜ்ஜியின் எண்ணெயோடு, 'தங்களைச் சேர்த்துக்கொள்வதில் மகிழ்ச்சி அடைகிறோம்' என்ற வரியின் மேலேயே அழுத்தமாகப் பதிந்திருந்தது.

அந்த ஒரு தாளுக்காக அவள் ஒன்றரை வருஷம் அலைந்திருந்தாள். கெமிஸ்ட்ரியில் முதல் வகுப்பு, பெண்கள் கல்லூரி ஒன்றில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை, வயது இருபத்துநாலு. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போட்டாள். மார்க் பட்டியலுக்கு அட்டஸ்டேஷன், நெஞ்சு எக்ஸ்ரே, இந்தப் பெண்ணுக்கு இங்கிலீஷ் பேச வரும் என்று ஒரு வெள்ளைக்கார அம்மாள் கொடுத்த சான்று, மூன்று பேராசிரியர்களின் சிபாரிசு. அதில் ஒருவர், கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு எதற்கு இதெல்லாம் என்று நாலு தடவை வாசலோடு திருப்பி அனுப்பி, ஐந்தாம் தடவை ஏதோ பிச்சை போடுகிற முகத்தோடு கையெழுத்துப் போட்டார். எல்லாவற்றையும் கல்லூரி ஆபீஸ் டைப்பிஸ்ட் கேத்தரின், மணி அடித்த பிறகு உட்கார்ந்து அடித்துக் கொடுத்தாள். 1958 ஏப்ரலில் பதில் வந்தது. இடம் கொடுத்தார்கள். படிக்கவும் சாப்பிடவும் ஆகிற செலவையும் அவர்களே ஏற்றுக்கொண்டார்கள்.

கப்பல் ஏறுகிற பெண்ணை யார் கட்டிக்கொள்வான் என்று அதுவரை புலம்பிக்கொண்டிருந்த அப்பா வைத்தீஸ்வரன், கடிதம் வந்த மறுநாளே மல்லேஸ்வரம் முழுக்கச் சுற்றி அதைப் படித்துக் காட்டினார். மைசூர் சமஸ்தான உத்தியோகத்தில் சேர்ந்து, முப்பத்துநாலு வருஷம் இருந்து சூப்பிரண்டெண்டாக ஓய்வு பெற்றவர். காகிதத்தின் மதிப்பு அவருக்குத் தெரியும். மகளின் மதிப்பைத்தான் அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை. பத்தே நாளில் நஞ்சுண்டையர் குடும்பம் பெண் பார்க்க வந்தது.

பாடச் சொல்லவில்லை, நமஸ்காரம் பண்ணச் சொல்லவில்லை. "அந்த லெட்டரைக் கொண்டு வரச் சொல்லுங்கோ" என்றார் நஞ்சுண்டையர். வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்கள். மனிதர் கையைக்கூடத் துடைக்காமல் எடுத்து, மூக்குக்கு நேரே பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் படித்தார். பிறகு மகனிடம் கொடுத்தார். சேஷகிரி இரண்டாம் வகுப்பு பி.எஸ்ஸி. மூன்று வருஷமாக அமெரிக்காவுக்கு எழுதி, மூன்று வருஷமும் இல்லை என்று பதில் வாங்கியவன். அந்த மூன்றையும் யாரோ அவனுக்குச் செய்த துரோகம் மாதிரியே சொல்லிக்கொண்டிருந்தான்.

இருவரும் ஐந்து நிமிஷம் பேசட்டும் என்று கிணற்றடிக்கு அனுப்பினார்கள். சேஷகிரி சட்டைப் பையிலிருந்து டைரியை எடுத்தான்.

"உங்க அப்ளிகேஷன் நம்பர் என்ன?" என்றான்.

அவள் சொன்னாள். எழுதிக்கொண்டான்.

"ரூம் ஹாஸ்டலா, தனியா? குளிர்காலத்துக்குக் கோட்டு அவாளே குடுப்பாளா?"

தெரியாது என்றாள். அதையும் எழுதிக்கொண்டான். அவள் என்ன படித்தாள், என்ன படிக்கப் போகிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. டைரியை மூடிக்கொண்டு, வேலை முடிந்தது என்பது போல உள்ளே போய்விட்டான்.

புறப்படும்போது நஞ்சுண்டையர் வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "ஆவணியிலே முகூர்த்தம் வெச்சுக்கலாம். எங்களுக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அந்த ஸீட் மட்டும் பையன் பேருக்கு மாறிட்டா போறும். அவன் ஆம்பளை, முன்னாடி போகட்டும். இவ சம்சாரமாக் கூடப் போகலாம், இல்லே ஸ்வல்ப நாள் கழிச்சுப் போகலாம்."

ருக்மிணி அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவர் ஒரு ஃபைலைப் பற்றி யோசிக்கிற முகத்தோடு, மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஸீட்டை இன்னொருத்தருக்கு மாற்ற முடியாது என்று அவள் அன்று சாயங்காலம் அவரிடம் இரண்டு தடவை சொன்னாள். சரி சரி என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று அவள் நம்பினாள். படித்த பெண்ணுக்கு அவ்வளவு நம்பிக்கை ஆகாது.

ஜூன் பதின்மூன்றாம் தேதி அவள் கல்லூரியிலிருந்து வந்தபோது, அம்மா ஜகதாம்பாள் முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா வாக்கிங் போயிருந்தார். அம்மா எழுந்து போய், பூஜை அலமாரியில் பஞ்சாங்கத்துக்கு அடியிலிருந்து ஒரு தடித்த கவரை எடுத்துவந்து மகள் மடியில் போட்டாள். ஏற்கெனவே பிரித்த கவர்.

"பதினோரு நாளா அங்கே இருக்கு. ஒனக்குச் சொல்லியிருப்பார்னு நினைச்சேன்" என்றாள். அம்மாவுக்கு இங்கிலீஷில் தெரிந்தது மகளுடைய பெயர் ஒன்றுதான். அது கவரின் மேல் இருந்தது.

உள்ளே பல்கலைக்கழகத்தின் கடிதம். 'தங்கள் தந்தையாரின் கடிதம் கிடைத்தது. ஒருவருக்கு அளித்த இடத்தை இன்னொருவருக்கு மாற்றும் வழக்கம் இங்கே இல்லை. தாங்கள் இடத்தை விட்டுவிட விரும்புவதாக அதில் கண்டிருக்கிறது. அது தங்கள் கையெழுத்தில் இல்லாததால், தங்கள் முடிவைத் தாங்களே ஜூன் பதினைந்துக்குள் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும். தங்கள் தந்தையார் இணைத்திருந்தவற்றைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். அதில் ஓர் ஆவணம் எதற்காக வைக்கப்பட்டது என்று எங்களுக்கு விளங்கவில்லை.'

இணைப்புகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். சேஷகிரியின் சர்டிபிகேட்டுகள், மூன்று நகல். அப்பாவின் மனு, நாலு பக்கம், ஒவ்வொரு பாராவுக்கும் எண் போட்டிருந்தது. 'மேற்படி குமாரத்தி ருக்மிணி மேற்படி இடத்தை மனப்பூர்வமாகத் துறந்து, தனக்கு நிச்சயிக்கப்பட்ட மணமகனுக்கு அதை வழங்கும்படி கோருகிறாள்.' கீழே, 'ருக்மிணிக்காக, வைத்தீஸ்வரன்.' கடைசியாக அந்த விளங்காத ஆவணம். மாமனார் ஓய்வு பெறும்போது அவர் பார்த்த உத்தியோகத்தை மருமகனாகப் போகிற வைத்தீஸ்வரனுக்கு வழங்கி, 1921-இல் சமஸ்தானம் போட்ட உத்தரவின் நகல். முன்மாதிரியாம். அமெரிக்காவில் எவனோ ஒரு டீன் இதைப் படித்துவிட்டு, ஓகோ, மைசூரில் இப்படியா என்று எழுந்து நின்று ஒப்புக்கொள்வான் என்று இந்த மனிதர் நினைத்திருக்கிறார்.

சிரிப்பு வரவேண்டிய இடம்தான். ருக்மிணிக்கு வரவில்லை. ஏதோ அழுகின பண்டத்தைத் தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டது மாதிரி நாக்கெல்லாம் கசந்தது. தன் பெயரை, தன்னைக் கேட்காமல், இவ்வளவு அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறாரே என்று இருந்தது.

வைத்தீஸ்வரன் வந்தார். மேஜைமேல் காகிதங்கள் பரப்பியிருந்ததைப் பார்த்தார். துளிக்கூடக் கூசவில்லை.

"அதை ஏன் எடுத்தே? பதில் டிராஃப்ட் பண்ணிண்டிருக்கேன்."

"நாளன்னிக்குக் கெடு முடியறதுப்பா."

"முடியட்டுமே. மேலே இருக்கறவனுக்கு இன்னொரு மனு போட்டாப் போச்சு. மொதல் தடவை முடியாதுன்னுதான் சொல்லுவான். ஆபீஸ்னா அப்படித்தான்."

"நான் துறக்கறேன்னு எப்போப்பா சொன்னேன்?"

"நீ சொல்லணுமா என்ன? ஒன்னைப் போகவேண்டாம்னா சொல்றேன், அவனுக்குச் சம்சாரமாப் போயேன். அதே ஊரு, அதே அமெரிக்காதானே. எனக்கு இதே மாதிரிதான் ஆச்சு. யாருக்கு என்ன நஷ்டம்? உங்கம்மாவைக் கேளு."

ஜகதாம்பாள் சமையலறை நிலையில் முறத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

"எங்கப்பா என்னைக் கொடுக்கலை" என்றாள். "நாற்காலியைக் கொடுத்தார். நான் அதோட வந்தேன்."

வைத்தீஸ்வரன் அவள் பக்கம் திரும்பிப் பார்த்தார். "உள்ளே ஏதோ தீயற வாசனை வரது, போய்ப் பாரு" என்றார்.

மறுநாள் காலை ருக்மிணி கல்லூரிக்குப் போனதும் நேரே கேத்தரினிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். லிங்கராஜபுரத்துப் பெண் கேத்தரின். யாருக்காகவும் வார்த்தையை மென்று விழுங்கமாட்டாள். மனுவை வாங்கி முழுக்கப் படித்தாள்.

"சீ, இன்னா மிஸ் இது? ரேஷன் கார்டுல பேர் மாத்தறா மாதிரி மாத்தப் பாத்துக்கீறாரு. வாங்க போலாம்" என்றாள். ஹெட்கிளார்க்கிடம் தலைவலி என்று ஒரு பொய்யைப் போட்டுவிட்டு ருக்மிணியோடு தந்தி ஆபீசுக்குக் கிளம்பினாள்.

ஃபாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு ருக்மிணி வெகு நேரம் யோசித்தாள். அப்பா செய்ததற்கு மன்னிக்கவும் என்று முதலில் எழுதினாள். கேத்தரின் அதைப் பிடுங்கிக் கிழித்தாள். "நீங்க இன்னா தப்பு பண்ணீங்க?" என்றாள். ருக்மிணி இன்னொரு ஃபாரம் வாங்கினாள். 'இடத்தை விடவில்லை. நானே வருகிறேன். ருக்மிணி.' கவுண்டரில் இருந்தவர் அதைப் படித்துவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். அவளும் அவரை அப்படியே பார்த்தாள். தந்தி போயிற்று.

நாலாம் நாள் சரி என்று பதில் தந்தி வந்தது. வைத்தீஸ்வரன் ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தார். தடுக்கவில்லை; ஆவணி முகூர்த்தப் பேச்சையும் எடுக்கவில்லை. பாஸ்போர்ட் ஏற்கெனவே அவள் கையில் இருந்தது. ஊரெல்லாம் படித்துக் காட்டியாகிவிட்டதால், அவள் போகவில்லை என்றால் தலைகுனிவு அவருக்குத்தான். இரண்டாம் நாள் பழையபடி எழுந்து, என் பெண் அமெரிக்கா போகிறாள், எல்லாம் நானே கடிதப் போக்குவரத்து பண்ணி முடித்தேன் என்று தெருவில் சொல்ல ஆரம்பித்தார். வெறுப்புக்கும் ஓர் அளவு உண்டு என்று ருக்மிணி நினைத்திருந்தாள். அளவெல்லாம் இல்லை என்று தெரிந்தது.

ஆகஸ்டில் பம்பாய்க்கு ரயில் ஏறவேண்டிய நாள். விடிந்ததும் பெட்டியைக் கடைசியாக ஒரு தடவை சரிபார்த்தாள். புடவைகளுக்கு அடியில் கையில் ஏதோ தட்டுப்பட்டது. ஒரு கனத்த கவர். சேஷகிரியின் சர்டிபிகேட்டுகள், புதிதாக மூன்று நகல். ஐந்து பக்கத்தில் புதிய மனு. இந்தத் தடவை நகல் இல்லை, சமஸ்தான உத்தரவின் அசலே அரக்கு முத்திரையோடு இருந்தது. மேலே அப்பாவின் சீட்டு: 'டீனிடம் நேரில் கொடுக்கவும். அசலைக் கண்டால் மறுக்கமாட்டார். பையன் அடுத்த வருஷம் வரை காத்திருக்கச் சம்மதித்திருக்கிறான்.'

அவளுக்குக் கை கூசியது. தொட்ட புடவைகளைக்கூடத் திரும்ப நனைத்துப் போட வேண்டும் போல இருந்தது. கவரை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். அங்கே ஜகதாம்பாள் வெந்நீர் அண்டாவின் அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தாள். மழையில் நனைந்த விறகு, பற்றவே இல்லை. புகைதான் வந்தது.

"என்னடி அது?"

"பெட்டியிலே வெச்சிருக்கார்."

ஜகதாம்பாள் கையை நீட்டினாள். சர்டிபிகேட்டுகளை ஒவ்வொன்றாகச் சுருட்டி அடுப்புக்குள் தள்ளினாள். மனு ஐந்து பக்கமும் போயிற்று. உத்தரவைக் கையில் எடுத்தபோது மட்டும் நிறுத்தினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அது எந்தக் காகிதம் என்று தெரியும். அவளுடைய கல்யாணத்தில் தாம்பாளத்தில் மஞ்சளுக்குப் பக்கத்தில் வைத்த காகிதம்.

"அம்மா, அது அசல்" என்றாள் ருக்மிணி.

"தெரியும்" என்றாள் அம்மா. அதையும் உள்ளே வைத்தாள்.

அரக்கு உருகிச் சொட்டியது. அதன் நாற்றத்தில் இருவருக்கும் இருமல் வந்தது. விறகு பிடித்துக்கொண்டது.

"வெந்நீர் ஆச்சா? ரயிலுக்கு நாழியாறது" என்று உள்ளேயிருந்து வைத்தீஸ்வரன் குரல் கொடுத்தார்.

"ஆயிடுத்து, வாங்கோ" என்றாள் ஜகதாம்பாள்.

அவர் போய் நிதானமாகக் குளித்தார். தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்து, பெட்டி பூட்டியாயிற்றா, உள்ளே எல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்று மகளிடம் கேட்டார். பூட்டியாயிற்று என்றாள்.

"இன்னிக்கு வெந்நீர் நன்னா சூடா இருந்தது" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு விபூதி இட்டுக்கொள்ளப் போனார்.