நாற்காலி வீட்டுத் தண்ணீர்

செய்தி நான்கு வரிதான். வாத்தியார் செபஸ்தியான் பள்ளிக்கூடத்துக்கு வந்த பத்திரிகையை மடித்து எடுத்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்றபடி வாசித்தான்.

திண்டுக்கல் வட்டம் கரட்டூரில் தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவுநீரால் குடிநீர்க் கிணறு கெட்டுப்போயிருப்பதை அரசு அறியுமா என்று சட்டசபையில் உறுப்பினர் கேட்டிருந்தார். இல்லை என்று பதில் வந்திருந்தது. அதிகாரி நேரில் சென்று, தண்ணீரைத் தாமே அருந்திப் பார்த்து, நன்றாக இருப்பதாக அறிக்கை தந்திருக்கிறார். அறியுமென்றால், ஆத்தூர்க் குடிநீர்க் குழாயிலிருந்து அந்த ஊருக்கு ஒரு கிளை போடப்படுமா, எப்போது போடப்படும் என்றும் உறுப்பினர் கேட்டிருந்தார். அந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில்: இக்கேள்விகள் எழவில்லை.

"எங்க அருந்துனாராம்? யாரு குடுத்தா?" செபஸ்தியான் தாளைத் திருப்பிப் பார்த்தான், மறுபக்கத்தில் மீதி இருக்கும் என்பதுபோல. "அந்த ஆளு கெணத்துப் பக்கமே போகலைன்னு மொக்கைச்சாமி சொன்னானே."

அவன் மனைவி அன்னாள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள்.

"நான்தான் குடுத்தேன்," என்றாள்.

கரட்டூரில் நாற்காலி இருந்தது வாத்தியார் வீட்டில் மட்டும்தான். அதனால் ஊருக்கு யார் வந்தாலும், அம்மை குத்த வருகிறவரோ ஓட்டுக் கேட்க வருகிறவரோ, தலையாரி மொக்கைச்சாமி அவர்களை நேரே அங்கே கூட்டி வந்துவிடுவான். ரெவின்யூ இன்ஸ்பெக்டரையும் அப்படித்தான் கூட்டி வந்தான். உச்சி வெயில். செபஸ்தியான் பள்ளிக்கூடத்தில் இருந்தான். வந்தவர் நாற்காலியில் சாய்ந்து, துண்டால் விசிறிக்கொண்டு, "குடிக்கத் தண்ணி குடும்மா" என்றார்.

வீட்டில் இரண்டு பானைகள் உண்டு. வாசல்பக்கம் இருப்பது ஊர்க் கிணற்றுத் தண்ணீர். ஆறிப்போன தேத்தண்ணீரின் நிறம். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, வாயில் வைத்தால் உப்பும் பச்சைத் தோலின் வாடையும் அடிக்கும். உள்ளே, மாதா படத்துக்குக் கீழே மூடி வைத்திருக்கும் பானையில் இருப்பது பொம்மையன் தோட்டத்துத் தண்ணீர். ரயில் கேட்டைத் தாண்டி, கரட்டுக் குன்றைச் சுற்றிப் போய், தோட்டத்தில் மாடு பூட்டிய கவலை ஓடாத நேரம் பார்த்து இறைத்து, தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாகத் தூக்கி வருகிற தண்ணீர்.

எந்தப் பானையில் மொள்ளுவது என்று அன்னாள் யோசிக்கவே இல்லை. வீட்டுக்கு வந்தவருக்குக் கெட்ட தண்ணீரைக் கொடுக்க அந்த ஊரில் எந்தப் பெண்ணின் கைக்கும் தெரியாது. அன்று காலையில்தான் செம்பைப் புளி போட்டுத் துலக்கியிருந்தாள். அதுகூட அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

அவர் அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். "தண்ணி அருமையா இருக்கே! இதைப் போயா கொறை சொல்லித் திரியுறீங்க?" என்று மொக்கைச்சாமியைப் பார்த்துச் சிரித்தார். மொக்கைச்சாமியும் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிரித்தான். அதிகாரி சிரித்தால் சிரிப்பதும் அவன் உத்தியோகத்தில் சேர்த்தி.

அன்னாளும் சிரித்தாள். யாராவது தன் கையால் கொடுத்ததைப் புகழ்ந்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. முதலில் புகழ்ச்சிதான் காதில் விழுந்தது. அவர் சொன்னதன் மற்ற பாதி மனசுக்குள் இறங்குவதற்குள் அவர் சைக்கிளில் ஏறிவிட்டார். எப்படியும் கிணற்றை எட்டிப் பார்ப்பார் என்று அவள் தன்னைச் சமாதானம் செய்துகொண்டாள்.

"இது எங்க கெணத்துத் தண்ணி இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றான் செபஸ்தியான்.

"சொல்லியிருக்கலாம்."

அவன் பத்திரிகையை மடித்து விட்டத்தில் செருகினான். திட்டியிருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும்.

அந்தக் குழாய் வந்தால் என்ன ஆகும் என்று ஊரில் மற்றவர்களுக்கும் தெரியும். ஆனால் அன்னாளுக்குத் தெரிந்தது வேறு. கடைசிப் பிரசவத்துக்குப் பிறகு அவளுக்குக் கர்ப்பப்பை கீழே இறங்கிவிட்டது. குடத்தைத் தூக்கித் தலையில் ஏற்றும்போதெல்லாம் உள்ளே இருப்பது நழுவி வெளியே வருவதுபோல இருக்கும். நடக்க நடக்க உரசிப் புண்ணாகும். பூசைக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளைத் தேர் பார்க்க அனுப்பிவிட்டு, மிஷன் ஆஸ்பத்திரியில் சிஸ்டரிடம் மட்டும் காட்டினாள். "பாரம் தூக்காத. மொதல்ல தண்ணி தூக்குறதை நிப்பாட்டு," என்றார் சிஸ்டர், அது உப்பைக் குறைத்துக்கொள்வதுபோல ஒரு சின்னக் காரியம் என்கிற தோரணையில்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. செபஸ்தியான் நல்லவன்தான். அவள் முகம் வாடியிருந்தால் "ஒடம்புக்கு ஏதும் செய்யுதா?" என்று கேட்பான். "ஒண்ணுமில்ல" என்பாள். அத்தோடு முடிந்துவிடும். எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து, என்ன செய்யலாம் என்பதெல்லாம் அவன் கேட்கக்கூடியவைதான். முதல் கேள்விக்கே இல்லை என்று சொல்லிவிட்டால் பிறகு அவன் எதைக் கேட்பான்? 'இக்கேள்விகள் எழவில்லை' என்ற பத்திரிகையின் கடைசி வரி விட்டத்திலிருந்து தன்னையே பார்ப்பதாக அவளுக்கு அன்றைக்கெல்லாம் தோன்றியது.

மறுநாள் காலை பொம்மையன் தோட்டத்துக்கு அவள் போவதற்கு முன்பே செய்தி போயிருந்தது. பெருமாயி கயிற்றை விட்டபடியே ஆரம்பித்தாள். பெருமாயி மிளகாய்க்கொல்லைக்காரி. அவள் நிலத்தில் தோல் ஷாப்புத் தண்ணீர் பாய்ந்து செடி கருகியது முதல் யாரையும் விடுவதில்லை.

"வாங்க வாத்தியாரம்மா! இம்புட்டு வருசமா ஊரே தொண்டை கிழியக் கத்துனோம். நீ ஒரு செம்புத் தண்ணியில அமத்திட்டியே!"

"விடுங்கக்கா."

"எதை விட? வெறும் தண்ணிதான் குடுத்தியா, பனங்கருப்பட்டி நுணுக்கிப் போட்டியா? அமிர்தம்னுல்ல எழுதிட்டுப் போயிருக்கான்!"

கிணற்றைச் சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். பிறகு பெருமாயியே குடத்தை அவள் தலைக்கு ஏற்றக் கை கொடுத்தாள். "நானா இருந்தாலும் அதைத்தான் குடுத்திருப்பேன், போ," என்றாள் தணிந்த குரலில். "வீட்டுக்கு வந்தவனுக்குச் சாக்கடையையா ஊத்த முடியும்? ஆனா மறுக்கா ஒருத்தன் வந்தா சாக்கடையைத்தான் ஊத்தணும். கேட்டியா? கை பழக்கத்துல உள்பானைக்குப் போயிராத."

மறுபடி ஒருவர் வரத்தான் செய்தார். உறுப்பினர் விடவில்லை. அடுத்த கூட்டத்தில் திரும்பவும் கேட்கப்போவதாகச் சொல்லி அனுப்பினார். டெபுடி தாசில்தாரே வருவார் என்று ஒரு வியாழக்கிழமை குறித்தார்கள். செபஸ்தியான் அன்றைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் காத்திருந்தான். யாரும் வரவில்லை. அதற்கு அடுத்த வாரத்தில் யாரும் எதிர்பாராத ஒரு நாளில், ஜீப் சத்தம் கேட்டது.

அன்னாள் அப்போதுதான் தோட்டத்திலிருந்து திரும்பி, குடங்களைப் பானையில் கவிழ்த்துவிட்டு, சுவரில் சாய்ந்து கால்களைச் சேர்த்து உட்கார்ந்திருந்தாள். வலி இறங்குவதற்குச் செத்த நேரம் அப்படி இருக்கவேண்டும். மொக்கைச்சாமி வாசலில் கனைத்தான்.

வந்த டெபுடி தாசில்தாருக்கு வயதாகியிருந்தது. கோட்டுக்குள் உடம்பு சின்னதாக இருந்தது. ஜீப்பிலிருந்து வாசல்வரை வந்ததற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "தாயி, கொஞ்சம் தண்ணி" என்றார்.

அவள் எழுந்தாள். கால் தானாகவே உள்ளே திரும்பியது. மாதா படத்தின் கீழே பானை ஈரமாகக் கசிந்துகொண்டிருந்தது. இன்று காலையில் தூக்கி வந்தது. அவர் கையில் மாத்திரை இருந்தது. அந்த முதல் ஆள் சைக்கிளில் வந்தவர், உரத்துச் சிரித்தவர். அவருக்குக் கிணற்றுத் தண்ணீரும் இவருக்கு நல்ல தண்ணீருமாக அமைந்திருக்கக் கூடாதா என்று நினைத்தாள். அப்படி மாற்றிக் கொடுக்க யாராலும் முடியாது.

வாசல் பானையில் செம்பை விட்டு மொண்டாள். குழந்தைக்குக் கசாயம் கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்து நீட்டினாள். அவர் கண்ணைப் பார்க்கவில்லை.

அவர் மாத்திரையை நாக்கில் வைத்துத் தண்ணீரை வாயில் விட்டார். வாய் அப்படியே நின்றது. கழுத்து நரம்பு எழுந்தது. எழுந்துபோய் வாசலில் துப்பிவிடுவார் என்று அவள் நினைத்தாள். துப்பட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டாள். அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு விழுங்கினார். செம்பில் இருந்த மீதியையும், ஒருவர் வீட்டில் கொடுத்ததை வைத்துவிட்டுப் போகக் கூடாது என்பதுபோல, கண்ணை மூடிக்கொண்டு மெல்ல மெல்லக் குடித்து முடித்தார்.

"வேற தண்ணி இருக்காம்மா?" என்றார், வாயைத் துடைத்துக்கொண்டு.

"இல்லைங்க."

மொக்கைச்சாமி உள் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். போன தடவை அவனும் அந்தப் பானையில்தான் குடித்தான். பிறகு குனிந்து தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். இந்தமுறை அவன் சிரிக்கவில்லை.

"இதுதான் உங்க ஊர்த் தண்ணியா?"

"இதுதாங்க. நல்ல தண்ணி வேணும்னா ரயில் கேட்டுக்கு அங்கிட்டுப் போகணும்."

"யாரு போறது?"

"நாங்கதான். பொம்பளைங்க."

அவர் தலையசைத்தார். "வா, கெணத்தைப் பாப்போம்," என்று மொக்கைச்சாமியிடம் சொல்லி, நாற்காலியின் கையை ஊன்றி எழுந்தார். வெயிலில் அவர்கள் போவதை அன்னாள் கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். வழியில் அவர் ஒருமுறை நின்று நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

சாயங்காலம் பெருமாயி ஓடி வந்து அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "கெணத்துல வாளி போட்டு எடுத்து, சீசாவுல அடைச்சுக் கொண்டு போயிட்டாராம்ல! கெட்டிக்காரி!" அன்னாள் தலையை மட்டும் ஆட்டினாள். ஜெபம் சொல்ல முழங்காலிட்டபோது பானை கண்ணெதிரே இருந்தது. வயசாளிக்கு ஒரு வாய் நல்ல தண்ணீர் கொடுக்காததைப் பாவசங்கீர்த்தனத்தில் எப்படிச் சொல்வது என்று யோசித்தாள். ஏன் செய்தாய் என்று சாமியார் கேட்டால் குழாயைச் சொல்லவேண்டும். குழாய் உனக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்று கேட்டால்? சொல்லவேண்டியதன் நுனி எங்கே தொடங்கினாலும் அது தன் உடம்பில் வந்து முடிவதை அவள் அலுப்போடு கண்டாள்.

மழை பெய்து, ஓய்ந்து, மறுபடி காற்றில் தோல் வாடை அடிக்கத் தொடங்கியபிறகுதான் பதில் வந்தது. இந்தமுறை செபஸ்தியான் தெருவிலேயே வாசித்துக்கொண்டு வந்தான்.

"ஆம்னு சொல்லிட்டாங்க அன்னா! அரசு அறியும். அறியுமாம்!"

"குழாய்?"

"அது..." அவன் குரல் தாழ்ந்தது. "பரிசீலனையில் உள்ளது."

"எப்பவாம்?"

"நிதி வசதியைப் பொறுத்து."

அவள் சுவரில் சாய்ந்து கால்களைச் சேர்த்து உட்கார்ந்திருந்தாள். ஈரக் குடங்கள் பக்கத்தில் கிடந்தன. அவன் பத்திரிகையை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தான். எத்தனையோ நாளாக அப்படி உட்காருவதைப் பார்த்திருக்கிறான். இன்றைக்கு அவனிடம் சந்தோஷத்துக்கென்று எடுத்து வைத்திருந்த ஏதோ ஒன்று மீந்துபோய், அது அவள் பக்கம் திரும்பியிருக்கவேண்டும்.

"ஒடம்புக்கு ஏதும் செய்யுதா?"

'ஒண்ணுமில்ல' நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்வதற்குக்கூடக் கொஞ்சம் தெம்பு வேண்டியிருந்தது. அவளிடம் அது இல்லை.

"ஆமா," என்றாள்.

அவன் அவளருகே தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்டான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

மறுநாள் விடியலில் அவன் சைக்கிளின் பின்னால் கயிறு கட்டி, இரண்டு பக்கமும் குடங்களைத் தொங்கவிட்டுக்கொண்டு போனான். ரயில் கேட்டுப் பக்கமிருந்து பெருமாயியின் குரல் தெருவுக்கே கேட்டது. "என்ன வாத்தியாரே, பள்ளிக்கூடத்தைக் கெணத்தடிக்கு மாத்திட்டாகளா?" அவன் என்ன பதில் சொன்னான் என்பது கேட்கவில்லை. திரும்பி வந்தபோது வேட்டி தொடைவரை நனைந்திருந்தது. குடங்களில் பாதிக்கும் கீழேதான் மிச்சம்.

அன்னாள் பழக்கத்தில் எழுந்து குடத்தை வாங்கக் கை நீட்டினாள்.

"இரு. ஒக்காரு."

உட்கார எங்கே என்று ஒரு கணம் தெரியாமல், நாற்காலியில் உட்கார்ந்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அதைத் துடைத்திருக்கிறாள், உட்கார்ந்ததில்லை. பிரம்பு ஒரு பக்கம் தளர்ந்து குழிந்திருந்தது. அவன் உள்ளே பானையில் தண்ணீரைச் சிந்திச் சிந்தி ஊற்றும் சத்தம் கேட்டது. இந்தத் தண்ணீர் சாயங்காலம் வரைக்கும் காணாது. இன்னொரு நடை போகவேண்டும், அதற்குள் பள்ளிக்கூட மணி அடித்துவிடும் என்று அவள் மனசு கணக்குப் போடத் தொடங்கியது. எழுந்திருக்கலாம் என்று நினைத்தாள். எழுந்திருக்கவில்லை.